ஒப்பந்த வேலைக்கு எந்த மென்பொருள்? வாங்கும் முன் அறிய வேண்டியவை



நம் ஜமாஅத்தில் ஒப்பந்தத் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் கணிசமாக உள்ளன. வீடு கட்டிக் கொடுப்பவர்கள், பெயின்டிங், பிளம்பிங், எலக்ட்ரிகல் வேலை எடுப்பவர்கள், அலுமினிய ஜன்னல், ஃபால்ஸ் சீலிங் செய்பவர்கள் எனப் பலர். வளைகுடாவில் பல வருடம் சூப்பர்வைசராகவும் ஃபோர்மேனாகவும் இருந்துவிட்டு ஊர் திரும்பி, நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாக வேலை எடுக்கும் சகோதரர்களும் உண்டு. அங்கே பெரிய கம்பெனிகளில் எல்லாமே கணினியில் நடப்பதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், "நாமும் ஒரு சாஃப்ட்வேர் வாங்கினால் என்ன? எதை வாங்கலாம்?" என்று எங்களிடம் கேட்கிறார்கள். இந்த இதழின் தொழில் பாடத்தை அந்தக் கேள்விக்காக ஒதுக்கியிருக்கிறோம்.

பதிலை முதலிலேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். சைட்டில் நிற்பவர் தினமும் மாலையில் ஐந்து நிமிடத்தில் எழுதி முடிக்கக்கூடியது எதுவோ, அதுதான் உங்களுக்கு ஏற்ற மென்பொருள். விலை, பெயர், வசதிகளின் பட்டியல் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஏன் அப்படிச் சொல்கிறோம் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பணம் எங்கே கசிகிறது?

மென்பொருளைத் தேடும் முன் நம் தொழிலில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 1,200 சதுர அடி வீடு, சதுர அடிக்கு ரூ.2,000 வீதம் ரூ.24 லட்சத்துக்குப் பேசி முடிக்கிறார் ஒருவர். எல்லாச் செலவும் போக 10 சதவீதம், அதாவது ரூ.2.40 லட்சம் மிஞ்சும் என்பது அவர் எண்ணம்.

வேலை நடக்கும்போது வீட்டுக்காரர் வந்து நிற்கிறார். "பாய், சமையல் அறையில ஒரு லாஃப்ட் போட்டுடுங்க." அதற்கு ரூ.18,000 ஆகிறது. "டைல்ஸ் கொஞ்சம் நல்லதா எடுப்போமே." 900 சதுர அடிக்கு, அடிக்கு ரூ.40 கூடுதல் என்றால் ரூ.36,000. "காம்பவுண்ட் சுவரை இன்னும் ரெண்டு அடி ஏத்துங்க." அது ரூ.45,000. மின்சாரப் பாயின்ட் 20 கூடுதல், ஒன்றுக்கு ரூ.600 வீதம் ரூ.12,000. ஒவ்வொரு முறையும் கான்ட்ராக்டர் சொன்ன பதில், "சரி, பார்த்துக்கலாம்."

கூட்டிப் பாருங்கள்: ரூ.1,11,000. எதிர்பார்த்த லாபத்தில் ஏறக்குறைய பாதி. கடைசி பில்லில் இதைச் சேர்த்தால் வீட்டுக்காரர் திகைக்கிறார். "பார்த்துக்கலாம்னு சொன்னீங்களே, பேசின தொகைக்குள்ளதான்னு நினைச்சேன்" என்கிறார். கான்ட்ராக்டரோ, "அப்புறம் கணக்குப் பார்த்துக்கலாம்னுதான் சொன்னேன்" என்கிறார். இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை. எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஜமாஅத் பஞ்சாயத்துக்கு வரும் இப்படிப்பட்ட பிணக்குகளில் மிகவும் வருத்தம் தருவது இதுதான். இரண்டு பேரும் நல்லவர்கள், ஒரே பள்ளியில் ஒரே ஸஃப்பில் நிற்பவர்கள். ஆனால் ஸலாம் நின்று போய்விடுகிறது. அதோடு முடிவதில்லை. வர வேண்டிய பணம் வராததால் ஹார்டுவேர் கடையில் பாக்கி நிற்கிறது. சனிக்கிழமை கூலி கொடுக்கக் கையில் பணமில்லை. அடுத்த வேலையின் அட்வான்ஸை எடுத்து இந்த வேலையை முடிக்கிறார். அதுவும் போதாமல் வட்டிக்கு வாங்கும் இடம் வரை போகிறார். ஒரு லாஃப்ட்டை எழுதி வைக்காததில் தொடங்கியது வட்டியில் போய் முடிகிறது.

குர்ஆனிலேயே நீளமான வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282வது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது என்பதை நாம் அறிவோம். தொகை சிறியது என்று அலுப்புப் பார்க்காமல் எழுத வேண்டும் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. அன்று ஓலையும் தோலும் எழுதும் பொருளாக இருந்தன. இன்று கைபேசி இருக்கிறது. எழுத வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது.

ஆக, ஒரு சிறு ஒப்பந்தத் தொழிலுக்கு மென்பொருள் செய்து தர வேண்டிய வேலைகள் ஐந்து:

- கூடுதல் வேலை, மாற்றம் எல்லாவற்றையும் தொகையோடு எழுதி, வீட்டுக்காரரின் சம்மதத்தைப் பதிவு செய்வது
- அன்றாட சைட் குறிப்பு: யார் வந்தார், என்ன வேலை நடந்தது, என்ன பொருள் வந்தது, படம்
- ஆட்களின் வருகை, கூலி, அட்வான்ஸ்
- அடுத்த வாரம் எந்த ஆள் எந்த சைட்டில் என்ற திட்டம்
- போட்ட பில், வந்த பணம், நிற்கும் பாக்கி

இந்த ஐந்தில் உங்களைத் துன்புறுத்துவது எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஒருவருக்குக் கூடுதல் வேலைதான் தலைவலி. இன்னொருவருக்கு ஆட்கள் பிரச்சினை. மருந்து நோய்க்குத் தகுந்ததாக இருக்க வேண்டும்.

2. என்னென்ன வகைகள் உள்ளன?

நோட்டும் வாட்ஸ்அப்பும்: பெரும்பாலோர் இப்போது இருக்கும் இடம் இதுதான். இதை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு தனி வாட்ஸ்அப் குழு, அதில் வீட்டுக்காரர், மேஸ்திரி, நீங்கள். கூடுதல் வேலை எது சொன்னாலும் தொகையோடு அதில் எழுதி, அவர் "சரி" என்று பதில் போட்ட பிறகே கை வைப்பது. இந்த ஒரு பழக்கம் மட்டுமே மேலே சொன்ன ரூ.1,11,000 பிணக்கைத் தடுத்திருக்கும். இதன் குறை, மூன்று மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது. கூட்டல் கழித்தல் செய்யாது. போன் தொலைந்தால் அதுவும் போகலாம். வேலை முடிந்ததும் அந்த உரையாடலை ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளும் வசதி வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

கணக்குத் தாள்: எக்செல், கூகுள் ஷீட்ஸ் போன்றவை. கூகுள் ஷீட்ஸ் இலவசம், போனிலும் இயங்கும், தமிழில் எழுதலாம், பலர் ஒரே தாளைத் திறக்கலாம். எந்தக் கட்டத்தை யார் எப்போது மாற்றினார் என்று பின்னோக்கிப் பார்க்கவும் முடியும். ஒன்றிரண்டு சைட் மட்டும் நடத்துபவருக்கு இதுவே போதும் என்பது எங்கள் கருத்து. வீட்டில் படித்த மகளோ மருமகளோ இருந்தால், அவர்கள் ஒரு வாரத்தில் இதை அமைத்துத் தந்துவிடுவார்கள். நம் பெண்கள் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய நல்ல பொறுப்பும்கூட.

பொதுவான வேலைப் பட்டியல் செயலிகள்: டிரெல்லோ, அசானா, நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் ஸோஹோ புராஜெக்ட்ஸ் போன்றவை. டிரெல்லோவில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. "செய்ய வேண்டியது", "நடக்கிறது", "முடிந்தது" என்று அட்டையை நகர்த்திக்கொண்டே போகலாம். இவற்றில் சில கட்டுப்பாடுகளோடு இலவசத் திட்டமும் கிடைக்கிறது. இவை அலுவலக வேலைகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. மூட்டைக் கணக்கும் ஆள் வருகையும் இவற்றில் இயல்பாக அமையாது. இன்டீரியர், அலுமினிய வேலை போலப் பல சிறு ஆர்டர்களைக் கவனிப்பவருக்கு நன்றாகப் பொருந்தும்.

கட்டட சைட்டுக்கென்றே செய்யப்பட்டவை: பவர்ப்ளே, ஆன்சைட் போன்ற இந்தியச் செயலிகள் இந்த வகை. ஆள் வருகை, பொருள் வரவு, அன்றாட அறிக்கை, படங்கள் ஆகியவற்றை மையமாக வைத்தவை. மூன்று நான்கு சைட் ஒரே நேரத்தில் நடத்துபவர்கள் இங்கே பார்க்க வேண்டும். அமெரிக்காவில் புரோகோர், பில்டர்டிரெண்ட் போன்றவை பெயர் பெற்றவை. ஆனால் அவை அங்குள்ள பில் முறைக்கும் வரி முறைக்கும் ஏற்பச் செய்யப்பட்டவை.

பெரிய திட்டங்களுக்கானவை: மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட், ஆரக்கிள் நிறுவனத்தின் பிரைமவேரா. வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் பழக்கம். நூற்றுக்கணக்கான வேலைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இடத்தில் இவை இன்றியமையாதவை. அங்கே அதை ஓட்டுவதற்கென்றே சம்பளம் வாங்கும் பிளானிங் இன்ஜினியர் இருந்தார் என்பதை மறக்கக் கூடாது. இரண்டு மாடி வீட்டுக்கு இது வேண்டாம்.

டாலி போன்றவை கணக்கு மென்பொருள். வரவு செலவும் ஜி.எஸ்.டி.யும் அங்கே இருக்கும். சைட்டில் என்ன நடந்தது என்பது அங்கே இருக்காது. ஆடிட்டர் டாலி பார்க்கிறார் என்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். புதிதாக வாங்குவது டாலிக்குத் துணையாக இருந்தால் போதும்.

3. காத்திருக்கும் நாட்களும் ஒரே ஆள் கூட்டமும்

கால அட்டவணை போடும்போது வேலை செய்யும் நாட்களை மட்டும் எழுதுகிறோம். காத்திருக்கும் நாட்களை விட்டுவிடுகிறோம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 : 2000, சாதாரண ஓ.பி.சி. சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள், பி.பி.சி. போன்ற கலப்புச் சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள் தண்ணீர் விட வேண்டும் என்கிறது. கடும் வெயிலில் இன்னும் கூடும். ஓ.பி.சி. தளத்தின் முட்டுகளை எடுக்க, 4.5 மீட்டர் வரையுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள். இறுதி முடிவு இன்ஜினியருடையது. ஆனால் இந்த நாட்கள் அட்டவணையில் இருந்தே தீர வேண்டும். வீட்டுக்காரர், "பத்து நாளா சைட்ல யாருமே இல்லையே" என்று கேட்கும் முன்பே அவருக்கு இது தெரிந்திருந்தால் பாதி மனக்கசப்பு குறையும்.

இதற்கு மென்பொருளில் பார்க்க வேண்டியது, ஒரு வேலை தள்ளிப் போனால் அதைச் சார்ந்த அடுத்த வேலைகளும் தானாகத் தள்ளிப் போகுமா என்பது. இந்த வசதி இருந்தால் நல்லது. பத்துப் பன்னிரண்டு கட்ட வேலைதான் என்றால் கையாலேயே மாற்றிக்கொள்ளலாம்.

சிறு கான்ட்ராக்டருக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒரே சென்ட்ரிங் ஆட்களை மூன்று வீட்டுக்கும் திங்கட்கிழமை அனுப்புவதாக வாக்குக் கொடுத்துவிடுகிறோம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி அட்டவணை போட்டால் இந்த மோதல் கண்ணில் படாது. இடப்பக்கம் மேஸ்திரிகள் பெயர், மேலே ஏழு நாட்கள், கட்டத்துக்குள் சைட் பெயர். இப்படி எல்லா சைட்டையும் ஒரே பக்கத்தில் காட்டும் வார அட்டவணைதான் வேண்டும். வாங்கப் போகும் மென்பொருளில் இந்தப் பக்கம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் கணக்குத் தாளில் ஐந்து நிமிட வேலை.

4. பொருள் கணக்கு

1,000 சதுர அடி தளம், 5 அங்குலக் கனம் என்றால் சுமார் 416 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர். எம்20 கலவைக்கு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமென்ட் என்று கொண்டால், பீம் நீங்கலாகத் தளத்துக்கு மட்டும் ஏறக்குறைய 95 மூட்டை. அன்றைய சைட் குறிப்பில் 110 மூட்டை என்று இருந்தால் 15 மூட்டைக்குக் காரணம் தெரிய வேண்டும். கனம் கூடிவிட்டதா, பீமுக்குப் போனதா, மழையில் கெட்டதா, பக்கத்து சைட்டுக்குப் போனதா? யாரையும் சந்தேகப்படுவதற்காக அல்ல. அன்று மாலையே கேட்டால் நேர்மையான பதில் கிடைக்கும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் சந்தேகம்தான் கிடைக்கும். எஸ்டிமேட் அளவையும் செலவான அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டாத மென்பொருள் இதற்கு உதவாது.

5. விற்க வருபவரிடம் கேட்க வேண்டியவை

டெமோ காட்டும்போது எல்லாமே அழகாகத்தான் இருக்கும். கீழ்க்கண்டவற்றை அவரையே செய்து காட்டச் சொல்லுங்கள்.

சிக்னல் இல்லாத இடத்தில் பதிவு செய்ய முடியுமா? போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு அங்கேயே எழுதச் சொல்லுங்கள்.

தமிழில் இயங்குமா? திரை ஆங்கிலத்தில் இருந்தாலும் மேஸ்திரி தமிழில் எழுதவோ குரல் பதிவு போடவோ முடிய வேண்டும்.

அரை நாள் வருகை, ஓவர்டைம், கொடுத்த அட்வான்ஸைக் கூலியில் கழிப்பது ஆகியவை இருக்கின்றனவா? வார முடிவில் யாருக்கு எவ்வளவு என்பது உடனே வர வேண்டும். கூலியைத் தாமதிப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று நாம் எல்லோரும் அறிவோம்.

பிடித்தங்களைப் பிரித்துக் காட்டுமா? ஒரு கம்பெனிக்கு, ஜி.எஸ்.டி. நீங்கலாக ரூ.5 லட்சத்துக்கு பில் போடுகிறீர்கள். தனிநபர் ஒப்பந்ததாரர் என்றால் வருமான வரிப் பிடித்தம் 1 சதவீதம், ரூ.5,000. ஒப்பந்தத்தில் 5 சதவீதம் நிறுத்தி வைப்பதாக இருந்தால் இன்னொரு ரூ.25,000. கைக்கு வருவது ரூ.4,70,000. அந்த ரூ.25,000 பின்னால் கேட்டு வாங்க வேண்டிய நம் பணம். நினைவூட்ட ஆளில்லாமல் மறந்தே போகிறது.

மேஸ்திரிக்குத் தனிக் கணக்கு, தனி அனுமதி கொடுக்க முடியுமா? அவர் வருகையும் பொருளும் பதிய வேண்டும். உங்கள் லாபக் கணக்கு அவர் கண்ணில் பட வேண்டியதில்லை.

எல்லாப் பதிவுகளையும் எக்செல்லாகவோ பி.டி.எஃப்.பாகவோ வெளியே எடுக்க முடியுமா? சந்தாவை நிறுத்தினால் பழைய பதிவுகள் என்னாகும்? ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்கள், அந்த வருடத்தின் ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். மென்பொருள் கம்பெனி அதுவரை இருக்குமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. மாதம் ஒரு முறை வெளியே எடுத்து வைத்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, கணக்கைத் தொடங்கும்போது உரிமையாளரின் போன் எண்ணிலும் மின்னஞ்சலிலும் தொடங்குங்கள். அமைத்துக் கொடுத்த தம்பி மகனின் எண்ணில் ஓ.டி.பி. போய்க்கொண்டிருந்தால், அவர் வெளிநாடு போன அன்றே உங்கள் தொழில் பூட்டிக்கொள்ளும். இரண்டாவது, தொழிலாளிகளின் ஆதார் நகல், வங்கி எண் போன்றவற்றைத் தேவையில்லாமல் ஏற்றாதீர்கள். அவை நம்மிடம் உள்ள அமானத்.

6. விலையை வருடத்துக்குக் கணக்கிடுங்கள்

"மாதம் 500 ரூபாய்தான்" என்று சொன்னால், அது ஒரு ஆளுக்கா, ஒரு சைட்டுக்கா, ஒரு கம்பெனிக்கா என்று கேளுங்கள். ஒரு ஆளுக்கு என்றால் நான்கு பேருக்கு வருடம் ரூ.24,000. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் ரூ.28,320. தானாகப் புதுப்பிக்கும் முறைக்கு கார்டைக் கொடுத்திருந்தால், பயன்படுத்தாவிட்டாலும் பணம் போய்க்கொண்டிருக்கும். தவணையில் வாங்கச் சொன்னால் அதில் வட்டி ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தொகை பெரிதா சிறிதா என்பது தனியாகத் தெரியாது. முதல் பகுதியில் நீங்கள் கண்டுபிடித்த கசிவோடு ஒப்பிடுங்கள். வருடம் ஒரு லட்சம் கசியும் இடத்தில் ரூ.28,000 செலவு நியாயம். கசிவே பத்தாயிரம்தான் என்றால் நோட்டும் வாட்ஸ்அப்பும் போதும்.

7. ஒரு சைட், 30 நாள்

வருடச் சந்தாவை முதல் நாளே கட்டாதீர்கள். சோதனைக் காலத்தில் ஒரே ஒரு சைட்டை மட்டும் அதில் ஏற்றுங்கள். எல்லா வசதியையும் பயன்படுத்த வேண்டாம். வருகை, பொருள் வரவு, கூடுதல் வேலை மூன்று மட்டும். பழைய நோட்டையும் அந்த மாதம் சேர்த்தே எழுதுங்கள்.

30 நாள் முடிந்ததும் மூன்றைப் பாருங்கள். எத்தனை நாள் மேஸ்திரி தாமாகவே எழுதினார், எத்தனை நாள் நீங்கள் போன் போட்டுக் கேட்டீர்கள்? வாரக் கூலி நோட்டோடு ஒத்துப் போனதா? வீட்டுக்காரரிடம் ஒரு கூடுதல் வேலையையாவது தொகையோடு சம்மதம் வாங்கிப் பதிந்தீர்களா? பாதி நாட்கள்கூட எழுதப்படவில்லை என்றால் அந்த மென்பொருள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உங்களுக்கு ஆகாது. இன்னும் எளிதான ஒன்றுக்கு இறங்கி வாருங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

மேஸ்திரிக்கு ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இது அவரை வேவு பார்க்க வந்ததல்ல. கூலி பாக்கி என்று அவர் சொன்னால் அவருக்கும் இதுதான் சாட்சி. இதைப் புரிந்துகொண்டால் அவரே ஆர்வமாக எழுதுவார்.

வீடு கட்டும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. கான்ட்ராக்டர் எதையும் எழுதிக் கேட்டால் நம்மை நம்பவில்லை என்று வருத்தப்படாதீர்கள். "லாஃப்ட் ரூ.18,000, சம்மதமா?" என்று செய்தி வந்தால் அன்றே பதில் போடுங்கள். வேண்டாமென்றால் வேண்டாமென்று எழுதுங்கள். உங்கள் சேமிப்புக்கும் அதுவே பாதுகாப்பு.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இப்போது நடக்கும் சைட்டில், ஒப்பந்தம் பேசிய நாளிலிருந்து வாய்வார்த்தையாகச் சேர்ந்த வேலைகளை ஒரு தாளில் தொகையோடு எழுதுங்கள். வீட்டுக்காரரிடம் உட்கார்ந்து காட்டி, இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மென்பொருள் வேண்டும் என்பது அந்தத் தாளைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.

அல்லாஹ் நம் அனைவரின் உழைப்பிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.